மேக்னவாக்ஸ் ஆஸ்ட்ரோ-சோனிக் கன்சோல்: அறுபது வருடப் பழசு, இன்றைக்கு வாங்கலாமா?

அமெரிக்காவில் வீட்டைக் காலி செய்கிற எஸ்டேட் சேல்களிலும் ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலும் அடிக்கடி கண்ணில் படும் பழைய ஸ்டீரியோ கன்சோல் மேக்னவாக்ஸ்தான். நாலிலிருந்து ஆறடி நீளம், குட்டைக் கால்கள், முன்னால் துணி போர்த்திய இரண்டு ஸ்பீக்கர் அறைகள். மேல்பலகையைப் பக்கவாட்டில் தள்ளினால் ஒரு புறம் ரெக்கார்ட் பிளேயர், மறுபுறம் ரேடியோ. "தூக்கிக்கொண்டு போனால் போதும்" என்று சும்மா தருபவர்களும் உண்டு. "லைட் எரிகிறது, வேலை செய்கிறது" என்ற ஒரு வரிக்காக நானூறு டாலர் கேட்பவர்களும் உண்டு. விளக்கு எரிவதற்கெல்லாம் காசு கொடுக்க வேண்டியதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 1960களின் ஆஸ்ட்ரோ-சோனிக்கில் மரமும் ஸ்பீக்கரும் கொடுக்கிற காசுக்கு மேல். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் சரி செய்யக்கூடியது, சத்தமும் நன்றாகவே இருக்கும். ரெக்கார்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தானே மாற்றிப் போடும் சேஞ்சர்தான் உங்கள் வார இறுதிகளைத் தின்னும். அதனால் பேரம் பேச வேண்டியதும் அதை வைத்துத்தான்.

மேக்னவாக்ஸ் ஸ்பீக்கரில் பிறந்த கம்பெனி. பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் கலிஃபோர்னியாவின் நாபாவில் ஒலிபெருக்கி ஆராய்ச்சி செய்து, 1917இல் இந்தப் பெயரில் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பிறகு தலைமையிடம் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வெய்னுக்குப் போனது. 1974இல் ஃபிலிப்ஸ் வாங்கிவிட்டது. 'ஆஸ்ட்ரோ-சோனிக்' என்பது 1960களின் தொடக்கத்தில் வந்த வால்வு இல்லாத, முழு டிரான்சிஸ்டர் வரிசைக்கு வைத்த பெயர். விண்வெளிப் போட்டி நடந்த காலம், பெயரிலேயே தெரியும்.

எந்த வருடத்துப் பெட்டி?

விற்பவர் சொல்லும் வருடத்தை நம்ப வேண்டாம், பாதிப் பேர் ஊகத்தில் சொல்கிறார்கள். பின்பக்க ஹார்ட்போர்டு அட்டையிலோ சேஞ்சர் அறையின் உள்சுவரிலோ ஒரு காகித லேபிள் ஒட்டியிருக்கும். அதில் '1-எஸ்டி', '1பி' என்பது போலத் தொடங்கும் எண்தான் மாடல் எண். ஆம்ப்ளிஃபயர், ட்யூனர் (ரேடியோப் பகுதி) ஆகியவற்றின் சேசிஸ் மேல், அதாவது பாகங்களைப் பொருத்திய உலோகச் சட்டத்தின் மேல், தனியாக முத்திரையிட்ட எண்கள் இருக்கும். சர்க்யூட் படம் தேடும்போது சேசிஸ் எண்தான் முக்கியம், ஏனென்றால் ஒரே சேசிஸை ஐந்தாறு விதப் பெட்டிகளில் போட்டு விற்றிருக்கிறார்கள். இந்தியானாபொலிஸின் ஹோவர்ட் சாம்ஸ் நிறுவனம் 1946 முதல் வெளியிட்ட 'ஃபோட்டோஃபேக்ட்' தொகுப்புகளில் இவற்றில் பலவற்றின் சர்க்யூட்டும் வோல்டேஜ் அட்டவணையும் கிடைக்கும். அது இல்லாமல் ஆம்ப்ளிஃபயரைத் தொடாதீர்கள்.

லேபிள் கிழிந்து போயிருந்தாலும் வழி உண்டு. ஏஎம் டயலில் 640, 1240 ஆகிய இடங்களில் சின்ன முக்கோணக் குறி இருந்தால் அது 1953க்கும் 1963க்கும் நடுவே செய்த ரேடியோ. போர்க்கால அறிவிப்புக்கான கோனெல்ராட் அலைவரிசைகள் அவை. எஃப்எம் ஸ்டீரியோ ஒலிபரப்பு அமெரிக்காவில் தொடங்கியது 1961 ஜூனில். அதற்கு முந்தைய ஸ்டீரியோ கன்சோல்களில் ஏஎம்முக்கும் எஃப்எம்முக்கும் தனித்தனித் திருகு இருக்கலாம். இடது காதுக்கு ஒரு நிலையம், வலது காதுக்கு இன்னொன்று என்று ஸ்டீரியோவை ஒப்பேற்றிய காலம் அது. லேபிளில் உள்ள முகவரியில் ஐந்து இலக்க ஜிப் கோடு இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தையது.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் ஸ்பீக்கரின் இரும்புச் சட்டத்தைப் பாருங்கள். ஆறு அல்லது ஏழு இலக்கம் அடித்திருக்கும். முதல் மூன்று தயாரித்த கம்பெனி, அடுத்த ஒன்றோ இரண்டோ வருடம், கடைசி இரண்டு வாரம். 220 என்றால் ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்டு, 328 யூட்டா, 137 சிடிஎஸ். 220642 என்று இருந்தால் ஜென்சன், '6'இல் முடியும் ஆண்டு, 42ஆம் வாரம். டிரான்சிஸ்டர் பெட்டி என்பதால் அது 1956 அல்ல, 1966. பெட்டி விற்பனைக்கு வந்தது அதற்குச் சில மாதம் கழித்து. வேடிக்கை என்னவென்றால், மேக்னவாக்ஸை விட்டு வெளியேறிய பீட்டர் ஜென்சன் பிறகு தொடங்கிய கம்பெனிதான் அந்த 220. சில மேக்னவாக்ஸ் பெட்டிகளுக்குள் அவர் பெயர் இப்படிச் சுற்றி வந்து உட்கார்ந்திருக்கிறது.

வாங்கப் போகும்போது

ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பிடித்த பாட்டு உள்ள ஒரு பழைய எல்பி போதும். முதலில் பின்அட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு பெட்டி பார்க்கலாம், இவை அபூர்வமான சரக்கே அல்ல. உள்ளே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதா என்று பார்ப்பது கேலியாகத் தோன்றலாம். ஆனால் வால்வு காலத்து மேக்னவாக்ஸ்களில் உள்ள புஷ்-புல் ஆம்ப்ளிஃபயருக்குக் கிதார்காரர்களிடமும் ஹை-ஃபை பித்தர்களிடமும் நல்ல கிராக்கி. அதை மட்டும் உருவிக்கொண்டு வெறும் பெட்டியை விற்பது வழக்கம். ஆஸ்ட்ரோ-சோனிக்குக்கு அந்த ஆபத்து குறைவு. டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்கு யாரும் ஆசைப்படாததால் முழுசாகவே கிடைக்கும்.

எலிப் புழுக்கை, எலி மூத்திர வாடை, கடித்த ஒயர் மூன்றையும் மூக்காலும் கண்ணாலும் தேடுங்கள். வாடை பூச்சில்லாத மரத்தில் இறங்கிவிட்டால் கழுவினால் போகாது. உட்புறப் பலகைகளுக்கு மெழுகு நீக்கிய அரக்கு இரண்டு கோட்டு அடித்துத்தான் அடைக்க வேண்டும். அடிப்பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரத்தளத்தில் நின்ற பெட்டியில் துகள் பலகை ஊறி உப்பியிருக்கும், அதைச் சரி செய்ய முடியாது, மாற்றத்தான் முடியும். வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தோல்) ஓரம் லேசாகப் பெயர்ந்திருப்பது பெரிய விஷயமே இல்லை.

பெட்டியின் பாணியும் விலையைத் தீர்மானிக்கிறது. நேர்கோட்டு வால்நட், மெலிந்து இறங்கும் கால் கொண்ட டேனிஷ் பாணிக்குத்தான் இன்று மவுசு. 1960களின் பிற்பகுதியில் வந்த 'மெடிட்டரேனியன்' பாணியில் செதுக்கு வேலை போலத் தெரிவதில் கணிசமானது பிளாஸ்டிக் வார்ப்பு. நகத்தால் தட்டினாலே சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். அப்படிப்பட்ட பெட்டிகள் ஏறக்குறைய இலவசம், உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் மட்டும் பல சமயம் அதே தரம். பாட்டுக்காக வாங்குபவர் அசிங்கமானதை வாங்கினால் லாபம்.

எடுத்து வரும் முன் சேஞ்சரைக் கட்டுங்கள். அது ஸ்பிரிங் மேல் மிதக்கிறது. தட்டின் ஓரத்தில் உள்ள போக்குவரத்துத் திருகுகளை இறுக்கி, முள் இருக்கும் டோன்ஆர்மைக் கயிற்றால் தாங்கியோடு கட்டி, ரெக்கார்டுகளை அடுக்கும் தண்டைக் கழற்றித் தனியே வையுங்கள். இதைச் செய்யாமல் வேனில் படுக்க வைத்ததால் டோன்ஆர்ம் உடைந்த சேஞ்சர்கள்தான் ஈபேயில் உதிரி பாகங்களாக வருகின்றன. தூக்குவதற்கு இரண்டு பேர் போதும். டிவியும் சேர்ந்த 'ஸ்டீரியோ தியேட்டர்' வகையென்றால் நாலு பேர், அதற்கு மேல் ஒரு நல்ல காரணமும் வேண்டும்.

ஸ்பீக்கர்

பெரிய மாடல்களில் பக்கத்துக்கு ஒரு 15 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்), நடுத்தர மாடல்களில் 12 அங்குலம். அதோடு ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதைப் பாடும் ஒரு இரும்பு ஹார்ன். இன்றைக்கு 15 அங்குல வூஃபரும் ஹார்னும் புதிதாக வாங்கினால் என்ன ஆகும் என்று விலைப்பட்டியல் பார்த்தவர்களுக்குத் தெரியும். வூஃபரின் ஓரம் நுரையல்ல, காகிதமும் துணியும். 1970, 80களின் ஸ்பீக்கர்கள் போல நொறுங்கிக் கொட்டாது. இரண்டு கையாலும் கூம்பை மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். உரசும் சத்தம் வராவிட்டால் அது இன்னும் பல வருடம் ஓடும்.

மாற்ற வேண்டியது, தாழ்ந்த ஒலி ஹார்னுக்குப் போகாமல் தடுக்கும் கிராஸ்ஓவர் கண்டன்சரை மட்டும். அது துருவமில்லாத எலக்ட்ரோலிட்டிக். காய்ந்து போனால் ஹார்ன் மங்கிவிடும், "பழைய ஸ்பீக்கர் சத்தம் அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். அதே மைக்ரோஃபாரட் அளவில் புதியதைப் போட்டால் பாடகர் குரல் திரைக்கு முன்னால் வந்து நிற்கும். இருபது டாலருக்குள் முடிகிற வேலை, மொத்த ரிப்பேரிலேயே அதிகப் பலன் இதில்தான்.

குறையும் உண்டு. பெட்டி அடியில் திறந்தபடியோ பின்புறம் துளையிட்ட அட்டையோடோ இருப்பதால் பேஸ் பெருகும், ஆனால் இறுக்கம் இருக்காது. இரண்டு ஸ்பீக்கரும் நாலடி இடைவெளியில் நிலைத்து நிற்பதால் ஸ்டீரியோ பிரிவு குறுகலாகத்தான் கேட்கும். 1960களின் ஜாஸ், எம்ஜிஆர் சிவாஜி காலத்து மோனோ எல்பி எல்லாம் இதில் அமிர்தம். இன்றைய எலக்ட்ரானிக் இசைக்கு வேறு பெட்டி பாருங்கள்.

மின்சாரம் கொடுக்கும் முன்

வருடக்கணக்கில் சும்மா கிடந்த கன்சோலை நேரே ப்ளக்கில் செருகுவது பாவம். ஒரு 60 வாட் பழைய இழை பல்பைத் தொடரில் இணைத்து அதன் வழியாக மின்சாரம் கொடுங்கள். எல்ஈடி பல்பு இதற்கு ஆகாது. பல்பு பளீரென எரிந்து உடனே மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், உடனே பிடுங்குங்கள். ஸ்பீக்கர் ஒயரை அதற்கு முன்பே கழற்றி, அந்த இடத்தில் 8 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை வைத்துவிட வேண்டும். ஆன் செய்து ஒரு நிமிடம் கழித்து அந்த ரெசிஸ்டரின் குறுக்கே டிசி வோல்டேஜை அளவெடுங்கள். சில பத்து மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று நிலையாக நின்றால் அவுட்புட் டிரான்சிஸ்டரோ கப்ளிங் கண்டன்சரோ போயிருக்கிறது. அந்த நிலையில் ஸ்பீக்கரை மாட்டினால் வூஃபர் சுருள் கருகும். இந்த ஒரு அளவை எடுக்காததால் போன 15 அங்குல வூஃபர்கள் ஏராளம்.

ஆரம்பகால ஆஸ்ட்ரோ-சோனிக்கின் பவர் டிரான்சிஸ்டர்கள் ஜெர்மேனியம். சூடு ஏற ஏற மின்கசிவு கூடும், கசிவு கூடக் கூட இன்னும் சூடாகும். பாட்டே போடாமல் அரை மணி நேரம் வைத்து, அலுமினியத் தகட்டில் விரல் வைக்க முடியவில்லையென்றால் பயாஸை, அதாவது பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டத்தின் அளவை, பார்க்க வேண்டும். ஜெர்மேனியத்தை எடுத்துவிட்டு சிலிக்கானை அப்படியே செருகக் கூடாது. பேஸ் வோல்டேஜே வேறு, பயாஸ் ரெசிஸ்டர்களை மாற்றாவிட்டால் குறைந்த ஒலியில் கரகரக்கும்.

ஹம் என்ற தொடர் உறுமல் வந்தால் முதல் சந்தேகம் மின்சாரத்தைச் சமன் செய்யும் ஃபில்டர் கண்டன்சர் மேல். ஒரே அலுமினிய டப்பாவுக்குள் மூன்று நாலு பிரிவு இருக்கும். பழையதன் கால்களிலேயே புதியதைச் சேர்த்துப் பற்றவைக்கும் கெட்ட பழக்கம் உண்டு, வேண்டாம். பழையதன் ஒயரைக் கழற்றிவிட்டு, 105 டிகிரி சூடு தாங்கும் வகையை அதே வோல்ட் அல்லது அடுத்த மேல் அளவில் போடுங்கள். மின்சார வயர் நுழையும் இடத்தில் லைனுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சின்ன கண்டன்சர் இருந்தால், அதை ஒய்2 பாதுகாப்பு வகையால் மாற்றுவது கட்டாயம். அது ஷார்ட் ஆனால் உலோகப் பாகம் முழுக்க மின்சாரம்.

ஒரு பக்கம் மட்டும் பாடவில்லையா? சால்டரிங் அயர்னை எடுக்காதீர்கள். ட்யூனருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே உள்ள பல-பின் ப்ளக்கையும் ஆர்சிஏ கேபிள்களையும் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுங்கள். பின்களில் படிந்த ஆக்சைடுதான் பாதி வழக்குக்குக் காரணம். வால்யூம் திருகு கரகரத்தால் டிஆக்ஸிட் டி5 போன்ற காண்டாக்ட் கிளீனரை அதன் துளைக்குள் ஒரு சொட்டு அளவு அடித்து இருபது முப்பது தடவை சுழற்றினால் போதும். டபிள்யூடி-40 அல்ல. கிளீனர் ட்யூனிங் கண்டன்சர் தகடுகள் மேலும் டயல் நூல் மேலும் படக் கூடாது. டயல் கண்ணாடியை முன்பக்கம் மட்டும் துடையுங்கள்: எண்கள் பின்பக்கம் அச்சடித்தவை, ஈரத்துணி பட்டால் 88ம் 108ம் துணியோடு வந்துவிடும். அதற்கு மாற்று இல்லை.

மைக்ரோமேட்டிக் சேஞ்சர்

விளம்பரத்தில் 'மைக்ரோமேட்டிக்' என்று பெருமையாகச் சொன்ன சேஞ்சர். பெரும்பாலும் இங்கிலாந்தின் பார்க்கிங்கில் இருந்த கொலாரோவின் தயாரிப்பு. வைர முள்ளுக்கு பத்து வருட உத்தரவாதம் கொடுத்து விற்றார்கள். இயந்திரம் நல்ல இயந்திரம்தான், அதன் கிரீஸ்தான் எமன். அறுபது வருடத்தில் அது பிசின் ஆகிவிடுகிறது. தட்டு சுற்றும், ஆர்ம் தூக்காது; அல்லது தூக்கிக்கொண்டே இருக்கும்; பாட்டு முடிந்தால் கடைசிப் பள்ளத்திலேயே 'டக் டக்' என்று நிற்கும். இதைப் பார்த்துவிட்டு "மோட்டார் போச்சு" என்பார்கள். மோட்டார் அனேகமாக நன்றாகவே இருக்கும்.

நடுத்தண்டில் உள்ள சி-கிளிப்பை எடுத்தால் தட்டு கழன்று வரும். அடியில் பெரிய கேம் சக்கரமும், அதன் மேல் பாட்டு முடிந்ததும் ஆர்மைத் தூக்க வைக்கும் ஒரு சின்ன ட்ரிப் நெம்புகோலும் இருக்கும். எதையும் பிரிக்கும் முன் நாலு கோணத்தில் படம் எடுங்கள். ஒரே மாதிரித் தெரியும் ஸ்பிரிங்குகள் ஒரே மாதிரி அல்ல. பழைய கிரீஸை மினரல் ஸ்பிரிட்டால் முழுக்கக் கரைத்து எடுத்துவிட்டு, கேமின் பள்ளத்தில் மட்டும் மெல்லிய வெள்ளை லித்தியம் கிரீஸ் வையுங்கள். ட்ரிப் நெம்புகோலுக்கு ஒன்றுமே கூடாது, எண்ணெய்கூட. அது ஊதினாலே நகர வேண்டிய பாகம். சரிசெய்கிறேன் என்று அதற்கு எண்ணெய் விட்டால் இரண்டு மாதத்தில் பழைய கதைதான்.

மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கொடுக்கும் ஐட்லர் ரப்பர் சக்கரம் கெட்டியாகியிருக்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, 400 நம்பர் உப்புத்தாளில் ஓரத்தை லேசாக உரசிப் பாருங்கள். அப்புறமும் வேகம் குறைந்தாலோ, சுற்றுக்கு ஒரு தடவை 'தொப்' என்று கேட்டாலோ, ரப்பர் புதுப்பித்துத் தருபவர்களிடம் அனுப்ப வேண்டியதுதான். மோட்டாரைத் தாங்கும் ரப்பர் வளையங்களையும் கூடவே மாற்றுங்கள். அவை கல்லாகிவிட்டால் மோட்டார் உறுமல் 15 அங்குல வூஃபரில் பெரிதாகக் கேட்கும். மோட்டார் பேரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.

முள்ளை மாற்றாமல் நல்ல எல்பி எதையும் போடாதீர்கள். சோதனைக்குக் கொண்டுபோனது கீறல் விழுந்ததாக இருக்கட்டும். முள்ளின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் செராமிக். மேக்னெடிக் போட்டுத் தரத்தைக் கூட்டலாம் என்ற யோசனை அடிக்கடி வரும், நாங்கள் பரிந்துரைக்கவில்லை: செராமிக் தருவது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட், மேக்னெடிக் ஐந்து, நடுவே தனியாக ஃபோனோ ப்ரீஆம்ப் வேண்டும். நாலைந்து கிராம் எடையில் அழுத்தும் இந்த ஆர்மோ மென்மையான முள்ளை மடக்கிவிடும். அபூர்வ எல்பி வைத்திருப்பவர் பின்னால் உள்ள டேப் இன்புட்டில் வெளி டர்ன்டேபிளை ப்ரீஆம்போடு மாட்டிக்கொள்ளலாம். போனையும் ப்ளூடூத்தையும் மாட்ட வேண்டியதும் அங்கேதான், ஒரு ஒயரையும் வெட்டாமல்.

மரம்

சுரண்டாதீர்கள். தொழிற்சாலையில் நிறம் கலந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடித்துத்தான் வெனீரையும் சட்ட மரத்தையும் ஒரே நிறமாகக் காட்டியிருக்கிறார்கள். பெயின்ட் ரிமூவர் போட்டால் அந்த நிறம் போய், கால் ஒரு மரம், கதவு ஒரு மரம் என்று திட்டுத் திட்டாக நிற்கும். வெனீரின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சாண்டிங் மெஷின் ஒரு மூலையைத் தின்ன ஐந்து நொடி போதும்.

மினரல் ஸ்பிரிட் துணியால் அறுபது வருட அழுக்கையும் சிகரெட் பழுப்பையும் எடுத்தாலே பல பெட்டிகள் பாதி அழகு பெற்றுவிடும். பிறகு ஹோவர்டின் ரெஸ்டோர்-ஏ-ஃபினிஷை மரத்தின் ரேகை வழியே தேய்த்து, ஒரு நாள் விட்டு மெழுகு. இதற்கு இரும்புக் கம்பளிதான் வழக்கம். ஆனால் ஸ்பீக்கரைக் கழற்றாமல் அதைத் தொடாதீர்கள், தூள் காந்தத்துக்குப் பறந்து போய் சுருளுக்குள் சிக்கும். வெள்ளை வளையம் இந்த முறையிலேயே போய்விடும். கறுப்பு வளையம் மரத்துக்குள்ளேயே இறங்கிய ஈரம். அதற்கு அந்தப் பகுதியில் லாக்கரை எடுத்து ஆக்ஸாலிக் ஆசிட் வைக்க வேண்டும், அது பழகிய கைக்கு உரியது. ஸ்பீக்கர் துணியை மென்மையான பிரஷ் வைத்த வாக்குவத்தால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் புதுத் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தடைபட்டால் ஹார்னும் தடைபடும்.

விலையும், ஊருக்கு எடுத்துப் போவதும்

ரிப்பேர் செய்யாத டேனிஷ் பாணிப் பெட்டிக்கு, மரம் நன்றாக இருந்தால், 150 டாலர் வரை கொடுக்கலாம். மற்ற பாணிகளுக்கு 50க்கு மேல் போகாதீர்கள். கண்டன்சர், முள், ரப்பர், கிளீனர், பாலிஷ் எல்லாம் சேர்த்து இன்னொரு 150, 200 ஆகும், உழைப்பு உங்களுடையது என்றால். சேஞ்சரையும் ஆம்ப்ளிஃபயரையும் வெளியே கொடுத்துச் சரிபார்ப்பதாக இருந்தால் கணக்கு உதைக்கும்; அப்போது ஏற்கனவே சரி செய்து, கண்டன்சர் மாற்றிய பட்டியலோடு விற்பவரிடம் கூடக் கொடுத்து வாங்குவதே மலிவு.

அமெரிக்காவை விட்டுத் திரும்பும்போது கன்டெய்னரில் சென்னைக்கு ஏற்றலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 230 வோல்டை 115 ஆக்கும் 300 விஏ ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அது அலைவெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த மோட்டார் நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும்: 33⅓ சுற்று கிட்டத்தட்ட 27.8 ஆகி, சுசீலா குரல் மூன்று அரைச்சுரம் இறங்கிக் கேட்கும். மோட்டார் தண்டில் உள்ள படிக் கப்பியின் ஒவ்வொரு படியையும் 1.2 மடங்கு விட்டத்துக்கு லேத்தில் கடைந்து போட்டால் சரியாகும். கடைவதற்கு முன் பழைய கப்பியை நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை அளந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அங்கே வரும் சிறு பிசகும் அப்படியே சுருதியில் தெரியும். ரேடியோவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எஃப்எம் பட்டை இங்கும் 88 முதல் 108தான், டயலைத் திருகினால் பாடும், கொஞ்சம் மந்தமான ட்ரெபிளோடு.